கடைசியாகச் சாப்பிடுகிறவர்: சேர்வராயன் மலையில் கர்ப்பகாலச் சர்க்கரை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காடு வட்டாரத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் இரண்டாவது கர்ப்பம் இங்கே விவரிக்கப்படுகிறது. 11ஆம் வாரத்தில் தொடங்கி, பிரசவத்துக்குப் பிந்தைய 6ஆம் வாரம் வரை போகிறது. இது ஒரே பெண்ணின் மருத்துவப் பதிவேடு அல்ல. மலைக் கிராமங்களிலும் சேலம் நகரிலும் கர்ப்பகாலச் சர்க்கரையோடு வாழும் பெண்களுக்கு வழக்கமாக நேர்வதை ஒருவருடைய வாழ்க்கையாகக் கோத்திருக்கிறோம். அவருடைய வயது, எடை, சர்க்கரை அளவுகள் விளக்கத்துக்காக அமைத்தவை. பரிசோதனை முறையும் வரம்பு எண்களும் மருந்து தரும் விதமும் நடைமுறையில் இருப்பவை. மருந்தின் அளவை இதைப் படித்துவிட்டு யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. பார்க்கும் மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பின்னணி

வயது 27. முதல் குழந்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் சுகப்பிரசவம், எடை 3.8 கிலோ. அந்தக் கர்ப்பத்தில் தொடக்கத்தில் ஒருமுறை சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் பார்க்க வேண்டிய இரண்டாவது பரிசோதனைக்கான கட்டம் அட்டையில் காலியாக இருக்கிறது. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. உயரம் 152 செ.மீ., 11ஆம் வாரத்தில் எடை 61 கிலோ. உடல் எடைக் குறியீடு 26.4 வருகிறது. இந்தியர்களுக்கு இது 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடைதான். ஹீமோகுளோபின் 9.4, அதாவது ரத்தசோகை. இந்த எண்ணைப் பிறகு குளுக்கோமீட்டர் பேச்சு வரும்போது நினைவில் வைக்க வேண்டும்.

கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மாமியார், மாமனார், மூத்த குழந்தை எல்லோரும் ஒரே வீட்டில். அம்மா வீடு சேலம் அம்மாபேட்டைப் பக்கம்.

கண்டறிதல்

தமிழ்நாட்டில் 2007 முதலே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்ப்பது நடைமுறை. குடும்பத்தில் சர்க்கரை உண்டா, எடை கூடுதலா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் வருகையில் ஒருமுறை, அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. செய்முறை எளிது. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 100 மி.லி.க்கு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

வெறும் வயிறு தேவையில்லை என்பது மலைக்காரர்களுக்குச் சிறிய சலுகை இல்லை. காலை 6 மணிக்குப் பேருந்துக்காக நின்று, 9 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஊசி குத்தும்வரை கர்ப்பிணி பட்டினி இருக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள்.

11ஆம் வாரத்தில் இவருடைய அளவு 126. சரி என்று எழுதி, அடுத்த தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். 26ஆம் வாரத்தில் ஸ்கேனுக்காகச் சேலம் இறங்கிய அன்றே சர்க்கரையையும் பார்த்துவிடலாம் என்று முடிவானது. ஒரே நாளில் இரண்டு வேலை முடியும், ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த வயிறு குளுக்கோஸ் தண்ணீரைத் தாங்கவில்லை. குடித்த 20ஆம் நிமிடத்தில் வாந்தி. 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் செய்ய வேண்டும். 30 நிமிடம் கடந்து எடுத்தால் தொடரலாம். இந்த விதி தெரியாமல் அரை மணிக்குள் வாந்தி எடுத்தவருக்கும் 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவது உண்டு. உள்ளே போகாத குளுக்கோஸ் ரத்தத்தில் தெரியாது.

மறுவாரம் மலையிலேயே, வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்தார்கள். குளுக்கோஸ் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்கச் சொன்னார்கள். 2 மணி நேரமும் உட்கார வைத்தார்கள். கடைக்குப் போய் வருகிறேன் என்று நடந்தால் அளவு குறைத்துக் காட்டும். இந்த முறை 168.

அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி: “நான் இனிப்பே தின்னதில்லையே நர்சம்மா, எனக்கு எப்படி?” பெரும்பாலான பெண்கள் கேட்பது இதுதான். பதிலையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் அதே கேள்வியைக் குற்றச்சாட்டாக மாற்றி மற்றவர்கள் கேட்பார்கள். குழந்தைக்குச் சத்துப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டினால் சர்க்கரை ஏறாது, ஈடுகட்ட முடியாதவர்களுக்கு ஏறும். 24ஆம் வாரத்துக்குப் பிறகு இந்த இழுபறி கடுமையாவதால்தான் அந்த நேரத்தில் மறுபடி பார்க்கிறோம். லட்டு தின்றதால் வந்த நோய் என்று யாரும் அவரைப் பார்த்துச் சொல்ல இடமில்லை.

முதல் இரண்டு வாரம்: தட்டு

மருந்துக்கு முன் இரண்டு வாரம் உணவும் நடையும் மட்டும். அதற்கு அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலம், மார்கழி. காலை 5.30க்கு வெல்லம் போட்ட காப்பி. 8 மணிக்குத் தோட்டம். 10 மணிக்குத் தூக்கில் கொண்டுபோன களி அல்லது பழைய சோறு. 11.30க்குத் தோட்டத்தில் டீ. 1.30க்குச் சோறு. 4.30க்கு டீயும் பன்னும். இரவு 9.30க்குச் சோறு. நடுநடுவே ஆரஞ்சோ கொய்யாவோ கிடைத்தால் உண்டு.

இதில் சர்க்கரை என்ற சாமான் வெல்லத்திலும் டீயிலும் பன்னிலும் மட்டுமே இருக்கிறது. மாவுச்சத்தோ எல்லாவற்றிலும் இருக்கிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம். இரவில் அவர் போட்டுக்கொண்ட சோற்றை நிறுத்துப் பார்த்தால் 350 கிராம் இருக்கும், அதாவது ஒரே வேளையில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்து. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும், அதற்குக் கீழே இறக்கக் கூடாது. பயந்துபோய் சோற்றை அறவே நிறுத்தும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும். எடை ஏறாமல் போகும். வாரா வாரம் எடை பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

175 கிராமை ஆறு வேளைக்குப் பிரித்தது இப்படி. காலையில் 30 கிராம் மட்டும், ஏனென்றால் விடியற்காலை ஹார்மோன்களால் காலைச் சாப்பாட்டுக்குத்தான் சர்க்கரை சட்டென்று ஏறும்: இரண்டு இட்லி, ஒரு முட்டை, காய் போட்ட சாம்பார். 10.30க்கு 20 கிராம்: ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை அல்லது தட்டப்பயறு சுண்டல், மோர். மதியம் 45: 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர் சோறு ஏறத்தாழ 150 கிராம் வரும், அதோடு பருப்பு, பீன்ஸ் அல்லது சௌசௌ பொரியல் சோற்றளவுக்கு. மாலை 20: சர்க்கரையில்லாத டீ, ஒரு சிறிய ஆரஞ்சு அல்லது பாதிக் கொய்யா. இரவு 45: 50 கிராம் மாவில் கிண்டிய ராகிக் களி, கீரை, மொச்சைக் குழம்பு. படுக்கும் முன் 15: ஒரு டம்ளர் பால், நாலைந்து வேர்க்கடலை.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. ராகி, சாமை, தினை எல்லாம் ‘சுகருக்கு நல்லது’ என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. நார்ச்சத்தும் மற்றச் சத்துகளும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் 100 கிராம் சாமையில் ஏறத்தாழ 65 கிராம் மாவுச்சத்து, நெல்லரிசியில் 78. இந்த வித்தியாசத்தை நம்பிப் பெரிய உருண்டையாக இரண்டு களி போட்டுக்கொண்டால் சோற்றை விட மோசமாக ஏறும். கூழாக்கிக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசியும் சேலத்து வீடுகளில் சாதாரணம். காய்ந்த ஜவ்வரிசி பெரும்பாலும் வெறும் மாவுச்சத்துதான், ஜவ்வரிசிக் கஞ்சியை நோயாளிக்கு ஏற்ற உணவு என்று கொடுக்கும் பழக்கம் இங்கே தவறாகப் போகிறது. அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் அங்கன்வாடியில் வெல்லம் கலந்த சத்துமாவும் வரும். அவை நல்ல பொருள்கள், தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

காப்பி விஷயத்தில் இன்னொன்று. ஹீமோகுளோபின் 9.4 இருக்கும் பெண் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

நடையைப் பற்றி அவர் கேட்டதும் நியாயம்: “நாள் முழுக்க மேட்டுல ஏறி இறங்கறேன், இன்னும் நடக்கணுமா?” மொத்த நடை போதும். சாப்பிட்ட பிறகான நடைதான் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் வாசலிலேயே நடந்தால் போதும் என்று சொல்லப்பட்டது.

விரலில் ஒட்டிய காப்பிப் பழம்

வீட்டில் பார்க்கக் குளுக்கோமீட்டர் தந்தார்கள். இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்தில் 120க்குக் கீழ். முதல் வாரக் குறிப்பில் காலைச் சாப்பாட்டுக்குப் பின்னான அளவு 110, 114 என்று வந்துகொண்டிருக்க, மதியம் மட்டும் திடீர் திடீரென்று 190, 205. உணவைக் கேட்டால் ஒன்றும் பொருந்தவில்லை. மதிய அளவைத் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறார். காப்பிப் பழத்தின் சதையில் சர்க்கரை உண்டு, பறிக்கும் விரலில் அந்தப் பிசின் காய்ந்து ஒட்டியிருக்கும். புடவையில் துடைத்தால் போகாது. அந்த விரலைக் குத்தினால் ஒரு சொட்டு ரத்தத்தோடு பழச்சர்க்கரையும் ஸ்ட்ரிப்பில் ஏறும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் குத்தியதும் மதியம் 112, 117. இந்தக் காரணம் தெரியாமல் அந்த 205ஐ வைத்து மருந்து ஏற்றியிருந்தால் தோட்டத்துச் சரிவில் சர்க்கரை இறங்கி விழுந்திருப்பார்.

மலையில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. குளிரில் விறைத்த விரலில் ரத்தம் வராது, பிதுக்கினால் சதையிலுள்ள நீர் கலந்து அளவு மாறும். வெந்நீரில் கையை நனைத்துச் சூடாக்கிக்கொண்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும், வலியும் குறையும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் பனி ஈரத்தில் கெட்டுவிடும். ரத்தசோகை இருப்பவருக்குக் குளுக்கோமீட்டர் உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் மருந்து தொடங்கும் முடிவுக்கு முன் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஒருமுறை ஒத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும் கர்ப்பத்தில், அதுவும் ரத்தசோகையில், நம்பத் தகுந்ததில்லை.

இரவு 9.30 மணி

29ஆம் வாரம். வெறும் வயிற்றில் 88 முதல் 92. காலை, மதியம் சரி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 142, 150, 147. சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார், அது பொய்யும் இல்லை.

‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால் இதற்கு விடை வராது. எத்தனை மணிக்கு, யாருக்கெல்லாம் பிறகு, எது மிஞ்சியிருந்தபோது சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். கணவர் வண்டியை விட்டு வர 9 மணி ஆகும். மாமனாருக்கும் அவருக்கும் போட்டு, குழந்தைக்கு ஊட்டி, மாமியாருக்கு வைத்து, கடைசியில் இவர் உட்காரும்போது பொரியல் சட்டி காலி. பயறு அடியில் கொஞ்சம். மிஞ்சியது சோறும் குழம்புத் தண்ணீரும். 150 கிராம் சோறுதான், ஆனால் கூடவே காயும் பருப்பும் இல்லாத வெறும் சோறு. 4.30க்குப் பிறகு 5 மணி நேரம் வயிறு காலி. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் தேய்த்துப் படுத்தால் நடை எங்கே? காகிதத்தில் எழுதிக் கொடுத்த உணவுத் திட்டம் அவர் பேருக்கு இருக்கிறது, அடுக்களை அவர் கையில் இல்லை.

அடுத்த வருகைக்கு மாமியாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். மருமகளைக் குறை சொல்லவோ மாமியாரைக் குறை சொல்லவோ அங்கே யாரும் உட்காரவில்லை. “ரெண்டு உசுருக்குச் சாப்புடறவ, அவளைப் போயி அளந்து சாப்புடுன்னா எப்படிங்க?” என்றார் அந்த அம்மா. அக்கறையில்தான் சொன்னார். தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை குழந்தைக்குப் போகிறது, அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது, அந்த இன்சுலின் குழந்தையைத் தோளிலும் வயிற்றிலும் கொழுக்க வைக்கிறது, பிரசவத்தில் தலை வந்தும் தோள் சிக்கும் என்று விளக்கியதும் அவருக்குப் புரிந்தது. முதல் பேரன் 3.8 கிலோ என்று பெருமையாகச் சொன்னவரும் அவர்தான்.

முடிவு எளிமையானது. மூத்த குழந்தை 7.30க்குச் சாப்பிடுகிறான், இவரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பொரியலும் பயறும் முதலில் இவர் தட்டுக்கு எடுத்து வைக்கப்படும். ஆண்களுக்கு 9 மணிக்கு மாமியார் போடுவார். ஒரு வாரத்தில் இரவு அளவு 118, 121, 116 என்று இறங்கியது. மருந்து எதுவும் கூட்டவில்லை.

பிரிக்காத மாத்திரை அட்டை

31ஆம் வாரத்தில் வெறும் வயிற்று அளவு 98, 101, 103 என்று ஏறத் தொடங்கியது. இதற்கு அவர் செய்த தவறு எதுவுமில்லை. நஞ்சுக்கொடி வளர வளர அழுத்தம் கூடும். இரவெல்லாம் கல்லீரல் விடும் சர்க்கரையை உணவால் கட்டுப்படுத்தவும் முடியாது. 20 வாரம் கடந்துவிட்டதால் மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கலாம் என்று முடிவு செய்து, 500 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டோடு என்று எழுதினார்கள்.

ஒரு வாரம் கழித்து அளவில் மாற்றமே இல்லை. அளவைக் கூட்டப் போன நேரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான்கு மாத்திரை மட்டும் பிரித்திருந்தது. மெட்ஃபார்மின் தொடங்கும்போது பலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குப் பேதியாகும். தோட்டத்தில் கழிப்பறை இல்லை. பத்துப் பேர் வரிசையாகப் பழம் பறிக்கும் சரிவில் அடிக்கடி ஒதுங்கப் போக முடியாமல், யாரிடமும் சொல்லவும் கூச்சப்பட்டு, நிறுத்திவிட்டார். “மாத்திரை போடுகிறீர்களா” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வயிறு எப்படி இருக்கிறது, தோட்டத்தில் எங்கே போகிறீர்கள்” என்று கேட்டால் உண்மை வரும். ஒரே மாத்திரையாக இரவுச் சாப்பாட்டோடு தொடங்கிப் பிறகு கூட்டுவது, மெதுவாகக் கரையும் வகையைத் தருவது என்று வழிகள் இருந்தன. ஆனால் ஏறியிருந்தது வெறும் வயிற்று அளவு, வாரமும் 32 ஆகிவிட்டது. சேலத்தில் மேல்சிகிச்சை மருத்துவர்கள் இன்சுலினுக்கு மாற்றினார்கள்.

ஊசி

ஆரம்ப சுகாதார நிலைய அளவில் வழக்கமாகத் தருவது காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடும் 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்யும் வகை 30 பங்கு, நடுத்தர வகை 70 பங்கு). இவருக்குப் பகலெல்லாம் சரியாக இருந்து, விடியற்காலை மட்டும் ஏறியதால், நடுத்தர வேகத்தில் வேலை செய்யும் என்.பி.எச். இன்சுலினைப் படுக்கும் முன் 6 யூனிட் என்று தொடங்கினார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வெறும் வயிற்று அளவைப் பார்த்து 2 யூனிட் கூட்டுவது. 34ஆம் வாரத்தில் 10 யூனிட்டில் அளவு 90, 92 என்று நின்றது.

இன்சுலின் என்றதும் வந்த பயம் வலியைப் பற்றியது இல்லை. ‘ஊசியில் விழுந்தால் ஆயுசுக்கும் ஊசி’ என்ற பேச்சுதான். கர்ப்பகாலச் சர்க்கரையில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இந்தத் தேவை பெரும்பாலும் நின்றுவிடும். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவதும் இல்லை. இந்த இரண்டையும் கணவரிடமும் சேர்த்துச் சொன்னார்கள், ஏனென்றால் முதல் வாரம் ஊசி போட்டுவிட்டவர் அவர்.

செய்முறை: என்.பி.எச். கலங்கலாக இருக்கும். புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் 10 முதல் 20 முறை உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. எடுக்க வேண்டிய அளவு காற்றைப் புட்டிக்குள் செலுத்தி, கவிழ்த்து மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்ற வேண்டும். தொடையின் முன்பக்கம் அல்லது வயிற்றில், ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கிடை தள்ளி. ஊசியை உடனே உருவாமல் பத்து எண்ணிய பிறகு எடுக்க வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், பசி பிடுங்கும், கண் மங்கும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்து உட்கார வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி. குளுக்கோஸ் இல்லாவிட்டால் சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் குடிக்கலாம். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். படுக்கும் முன் பால் எதற்கு என்பது இங்கேதான் விளங்கும்.

வளைகாப்பு

33ஆம் வாரத்தில் வளைகாப்பு. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். சாப்பிடாதே என்று சொல்வது அந்த நாளின் மகிழ்ச்சியைப் பறிப்பது. முன்கூட்டியே பேசி வைத்தது: காலையில் முட்டையும் சுண்டலும், மதியம் எல்லாச் சாதமும் சேர்ந்து ஒரு டம்ளர், சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய், பிறகு நடை. 2 மணி நேரத்தில் 138. ஒரு நாள் அளவுக்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவரை வருத்தியது சாப்பாடு இல்லை. “சின்ன வயசுலயே சுகரா? பொறக்கறதுக்கும் வருமோ?” என்று உறவுக்காரப் பெண்கள் அவர் காதுபடப் பேசியது. அதன் பிறகு இரண்டு நாள் குறிப்பேட்டில் எழுத்தே இல்லை. குறிப்பேடு காலியாகும்போது ஆள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பது நல்லது.

மலையிலிருந்து இறங்கிய பிறகு

34ஆம் வார முடிவில் அம்மா வீடு. பனிமூட்டத்தில் இரவில் வலி எடுத்து மலைப்பாதை இறங்குவதை விட இது பாதுகாப்பு. ஆனால் கவனிப்பு அறுந்துபோகும் இடமும் இதுவே. செவிலியர் வேறு, சுகாதார நிலையம் வேறு. தாய்சேய் அட்டை, பதிவு எண், சர்க்கரைக் குறிப்பேடு, மருந்துச் சீட்டு நான்கும் ஒரே பையில் வந்ததால் புதிய இடத்தில் முதல் நாளே தொடர முடிந்தது.

இருந்தும் ஒரு வாரத்தில் வெறும் வயிற்று அளவு 90லிருந்து 109. அம்மா கைச் சாப்பாடு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். சாப்பாட்டில் குறை இல்லை. கொண்டுவந்த சிரிஞ்சுகள் தீர்ந்து, பக்கத்து மருந்துக் கடையில் ‘இன்சுலின் சிரிஞ்சு’ என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். புட்டி ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ளது, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கடையில் கொடுத்தது ஆரஞ்சு மூடி, ஒரு மி.லி.க்கு 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 10 என்ற கோடு 0.1 மி.லி. அந்த அளவில் இந்தப் புட்டியின் மருந்து 4 யூனிட்தான் இருக்கும். பத்து போடுவதாக நினைத்து நான்கு போட்டுக்கொண்டிருந்தார். தலைகீழாக, 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுத்திருந்தால் 25 யூனிட் உள்ளே போயிருக்கும், அது உயிருக்கு ஆபத்து. அளவு திடீரென்று மாறினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் புட்டியையும் சிரிஞ்சையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு மூடிக்கு மாறிய மூன்றாம் நாள் 93. 36ஆம் வாரத்தில் 12 யூனிட் தேவைப்பட்டது.

மலையில் அலமாரியில் வைத்தாலே போதுமாக இருந்த மருந்து, மாசிக் கடைசியில் சேலத்து ஓட்டு வீட்டில் கெட்டுப்போகும். அம்மா வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பெரிய மண்சட்டியில் மணலைப் பரப்பி, உள்ளே சிறிய மண்பானை வைத்து, நடுவிலுள்ள மணலைக் காலையும் மாலையும் நனைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் புட்டியை வைத்தார்கள். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் கதவுத் தட்டில் வைக்கலாம், ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் உறைந்து பயனற்றுப்போகும்.

பிரசவமும் குழந்தையும்

36ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி அளவோடு இருந்தது, பனிக்குடநீரும் சரி. தினமும் சாப்பிட்ட பிறகு ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணினார். 2 மணி நேரத்தில் 6 அசைவுக்குக் குறைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் 39 வாரம் முடியும்வரை காத்திருந்து வலி வரவழைத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையில் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி தாமதமாகலாம் என்பதால் காரணமில்லாமல் முன்கூட்டி எடுப்பதில்லை. வலி நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கப்பட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை, 3.3 கிலோ.

பிறந்த குழந்தைக்குத் தாயின் சர்க்கரை சட்டென்று நின்றுவிடுகிறது, உடம்பிலுள்ள இன்சுலின் நிற்பதில்லை. அதனால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும். 45க்குக் கீழ் என்றால் உடனே கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பார்த்தபோது 41. சீம்பால் ஊட்டி, மறுபடி பார்த்தபோது 56. அதன் பிறகு ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்பும் பார்த்து, தொடர்ந்து நான்கு அளவு சரியாக வந்த பின்பே நிறுத்தினார்கள். பாட்டி சேனை வைக்கக் கையில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்திருந்தார், ‘குழந்தைக்குச் சுகர் இறங்கிடுச்சாமே’ என்ற நியாயமும் அவருக்கு இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் அளவைத் தூக்கி உடனே கீழே போடும், கிருமியும் சேரும், குழந்தை மார்பைப் பிடிக்கத் தயங்கும். சீம்பால்தான் முதல் மருந்து, அதில் தேறாவிட்டால் நரம்பு வழி குளுக்கோஸ்.

ஆறாவது வாரம்

பிரசவத்தோடு இன்சுலின் நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் 91, சாப்பிட்ட பின் 128. எல்லோரும் ‘சுகர் போயிடுச்சு’ என்றார்கள். பெண்களை நாம் அதிகமாக இழப்பது இங்கேதான். குழந்தை வந்த பிறகு அம்மாவின் ரத்தத்தைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவரை விட 7 முதல் 10 மடங்கு. தனியாக ஒரு நாள் வரச் சொன்னால் வர மாட்டார்கள் என்பதால், குழந்தையின் 6ஆம் வாரத் தடுப்பூசி நாளிலேயே இவருக்கும் தேதி கொடுத்திருந்தார்கள். இம்முறை வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் ஒருமுறை: 98, 152. 2 மணி நேர அளவு 140 முதல் 199 வரை இருந்தால் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசல்படிக்கு வந்தாயிற்று. 200 அல்லது அதற்கு மேல் என்றால் நோய்.

அதுவரை அம்மா வீட்டில் பிரசவ லேகியமும் கருப்பட்டிக் காப்பியும் நடந்துகொண்டிருந்தன, மாம்பழமும் வரத் தொடங்கியிருந்தது. லேகியம் நெல்லிக்காய் அளவு போதும், கருப்பட்டியும் சர்க்கரைதான், மாம்பழம் என்றால் சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலையில் இரண்டு துண்டு என்று சொல்லப்பட்டது. தாய்ப்பால் கொடுப்பதைக் குறைக்க வேண்டாம், அது அம்மாவின் சர்க்கரைக்கும் நல்லது. எடை அப்போது 64 கிலோ. அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடக் காப்பர்-டி பொருத்திக்கொண்டார்.

அட்டையின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை, குழந்தையின் பிறந்த மாதத்தில். மூன்றாவது கர்ப்பம் என்றால் கருத்தரிக்கும் முன்பே பரிசோதனை, முடியாவிட்டால் நாள் தள்ளிப்போனதும். மலைக்குத் திரும்பியதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டவும்.